துடக்கு வீட்டு டிராகன்

"உதென்ன அக்கா, சோபாவில கிடக்குது?"

என் தம்பி நடேசன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. குரோய்டனிலிருந்து டிராமும் ரயிலுமாக வந்து இறங்கியவன், சப்பாத்தை மட்டும் கழற்றிவிட்டு முன்னறை வாசலில் நின்று குடையை நீட்டிக் காட்டினான். குடை நுனியிலிருந்து மழைத்தண்ணீர் என் கம்பளத்தில் சொட்டியது.

சோபாவில் கிடந்தது டிராகன். முழு டிராகன் இல்லை, அதன் நடுத்துண்டு. பச்சை யன்னல் சீலைத் துணி, முதுகு நெடுகிலும் மடித்துத் தைத்த முள்ளு, இரண்டு பக்கமும் பறக்க விரித்த மாதிரிக் கம்பியில் இழுத்துக் கட்டிய செட்டை. தலை பக்கத்து வீட்டில் இருந்தது. வால் எதிர் வீட்டில் இருந்தது.

"தெரியேல்லையோ? டிராகன்," என்றேன்.

"செத்த வீட்டிலயோ?"

"செத்த வீடு ஜெர்மனியில. இது பிளேஸ்டோ."

அவன் மூக்கைச் சுழித்தான். அந்த மூக்கைச் சின்ன வயதில் நூறு தடவை துடைத்துவிட்டவள் நான். இப்போது அதே மூக்கு என்னைப் பார்த்துச் சுழிக்கிறது.

என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. கிழமைக்குக் கிழமை நான் எழுதுகிற இந்தப் பத்தியைப் பத்திரிகைக்காரத் தம்பிமார் எழுத்துப் பிழை திருத்திப் போடுகிறார்கள், புண்ணியவான்கள். இந்தக் கிழமை அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறேன். என் கோபத்தைத் திருத்த வேண்டாம்.

எல்லாருக்கும் மாமி

போன கிழமை நான் பல் கட்டிய கதையை வாசித்துவிட்டு, ஹரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "அந்த வீட்டில் நீங்கள் யாருக்கு என்ன முறை?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான்.

நாங்கள் நாலு பேர். பெரியண்ணை ஜெர்மனியில் இருந்தார். சின்னண்ணையும் அவர் மனைவியும் ஊரில் சண்டை நடந்த காலத்திலேயே செத்துப்போனார்கள். அடுத்தது நான். கடைசி நடேசன்.

சின்னண்ணையின் ஒரே மகன் சுதன். அவனைப் பொடியனாகக் கையில் பிடித்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள் நான். அவனுக்கு நான் தகப்பனின் தங்கச்சி, ஆகவே மாமி. அவன் மனைவி ரஜிக்கும் மாமி. அவர்களின் மகள் ஆதிரைக்கு நான் மாமி முறையே இல்லை. ஆனால் தகப்பன் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் மாமி என்கிறாள். அவளைக் கேட்டுப் பக்கத்து வீட்டு வங்காளிப் பிள்ளை நசீமாவும் மாமி என்கிறாள். தபால்காரன்கூட "மோர்னிங், மாமி" என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறான்.

எனக்குக் கலியாணம் நடந்தது. கூறைச்சீலையின் மடிப்புக் கலைய முன்னமே அது முடிந்துபோனது. அவர் காய்ச்சலில் போனார். பிள்ளை இல்லை. இதை அனுதாபத்துக்குச் சொல்லவில்லை. இந்தக் கதையில் எனக்கு ஆத்திரம் வந்த இடம் எது என்று விளங்க வேண்டுமென்றால் இது தெரிந்திருக்க வேண்டும்.

சமையலில் கட்டிய நாட்கள்

சுதன் பஸ் ஓட்டுகிறான். ரஜி ஆஸ்பத்திரியில் ஷிப்ட். ஒருவர் வர மற்றவர் போவார். அப்படிப்பட்ட வீட்டில், பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக இனிப்பு வாங்கப் போகிற ஹாலோவீனுக்கு உடுப்புத் தைத்து, பிள்ளையை வெளிக்கிடுத்தி, நேரத்துக்குத் தெருவில் இறக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை.

ரஜி குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டினாள். நிறநிறமாக எழுதி, வடிவாக இருந்தது. ஒருவரும் அதை வாசிக்கவில்லை.

நான் நாட்களைச் சமையலில் கட்டி வைப்பவள். புட்டு அவிக்கிற அன்று துணி வெட்டி முடிந்திருக்க வேண்டும். இடியப்பத்தன்று செட்டைக்குக் கம்பி வளைத்திருக்க வேண்டும். தோசையன்று தலையும் வாலும் எங்கள் வீட்டுக்கு வந்து நடுத்துண்டோடு கொளுவிப் பார்க்க வேண்டும். வேலை முடியாவிட்டால் சாப்பாடு மேசைக்கு வராது.

இடியப்பத்தன்று சுதன் சோபாவில் இருந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"மாமி, பசிக்குது."

"கம்பிக்கும் பசிக்குதாம்," என்றேன்.

இடியப்பம் என் பக்கத்தில் மூடியபடி ஆறிக்கொண்டிருந்தது. சொதியின் வாசம் அவனிடம் போய்த் தன் வேலையைச் செய்தது. கொஞ்ச நேரத்தில் குறடோடு நிலத்தில் இருந்தான். ரஜி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். ஆதிரை பேச்சுக் குறைந்த பிள்ளை. முந்தின வருடங்களில் ஹாலோவீனுக்கு முன்னறை யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று, தெருவில் மற்றப் பிள்ளைகள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போகிறாயா என்று கேட்டால், "ஆரோட மாமி?" என்பாள்.

இந்த முறை நசீமாவே வந்து கேட்டாள். தான் தலையாம், எதிர் வீட்டு ஜோஷ் வாலாம், ஆதிரை நடுவில் வரவேண்டுமாம். நடுவில் வருகிறவள்தான் தலையையும் வாலையும் கொளுக்கியால் தன்னோடு பிடித்திருக்க வேண்டும். அவள் இல்லாவிட்டால் டிராகன் ஒரு பக்கம் தலையும் மறுபக்கம் வாலுமாகத் தெருவில் சிதறிப் போகும்.

"ஐ ப்ரோமிஸ்ட், மாமி," என்று ஆதிரை வந்து சொன்னபோது அவள் காது சிவந்திருந்தது. அந்தப் பிள்ளை யாருக்கும் வாக்குக் கொடுத்து நான் அதுவரை கேட்டதில்லை.

வாய்ப்பன் திரும்பி வந்த விதம்

இந்தப் பண்டிகையோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வந்த புதிதில் இதே பிளேஸ்டோவில் ஒரு மேல்மாடி அறையில் இருந்தோம். ஒரு பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. திறந்தால் முகமெல்லாம் இரத்தம் வடிய ஒருவன், பக்கத்தில் எலும்புக்கூடு ஒன்று. நாங்கள் கதவு தட்டப்பட்டால் மூச்சைப் பிடிக்கிற நாட்டிலிருந்து வந்தவர்கள். நான் கதவை அடித்துச் சாத்திவிட்டு, லைட்டை நூர்த்து, சுதனையும் இழுத்துக்கொண்டு படிக்கட்டில் இருந்தேன். வெளியே சிரித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருடம் விஷயம் விளங்கிவிட்டது. பேய் பிசாசு என்றாலும் பிள்ளைகள்தானே, வாசலுக்கு வந்த பிள்ளை வெறுங்கையோடு போகக் கூடாது என்று வாழைப்பழம் பிசைந்து வாய்ப்பன் சுட்டேன். எண்ணெய் வடிய விட்டு, சூட்டோடு கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். "தாங்க் யூ" என்று வடிவாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

விடியக் கதவைத் திறந்தால் வாய்ப்பன் எல்லாம் வாசற்படியில் வரிசையாக இருக்கிறது. ஒன்றிலும் பல் படவில்லை.

வீட்டில் செய்ததை வாங்கிச் சாப்பிடக் கூடாதாம். யார் என்ன போட்டிருப்பார்களோ என்று பயமாம். பிறகு ஒருத்தி எனக்கு விளக்கினாள். ஃபக்டரியில் யாரோ முகம் தெரியாதவன் என்ன நிறத்தைக் கரைத்து ஊற்றினான் என்று தெரியாமல், பையில் அடைத்து வந்ததை மட்டும் நம்புவார்களாம். நான் என் கையால் பிசைந்தது சந்தேகமாம். இவ்வளவு காலம் போயும் எனக்கு அது ஆறவில்லை. பை இனிப்புத்தான் இப்போது வாங்கி வைக்கிறேன், ஆனால் சந்தோசத்தோடு இல்லை.

பூசணிக்காய்க் கதை இன்னொன்று. ஊரிலே திருஷ்டிக்கு உடைக்கிற நீத்துப்பூசணியை விட்டால் காயை வீணாக்கி நான் கண்டதில்லை. இங்கே தெரு முழுக்கப் பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, சதையைக் குப்பைத் தொட்டியில் போடுகிறார்கள். வயிறு பற்றி எரியும். நான் வெட்கப்படாமல் சட்டியோடு நசீமாவின் தாயின் வாசலில் போய் நின்றேன். "உள்ளுக்குள்ள இருக்கிறதை எனக்குத் தாரும்," என்றேன். அன்று இரண்டு வீட்டிலும் பூசணிக்காய்க் கறி.

ஒரு மூச்சில் சொன்ன சட்டம்

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது பெரியண்ணை போய்விட்டார்.

நித்திரையில் போனார் என்றார்கள். எனக்குக் காலில் ஆபரேஷன் முடிந்த நேரம், பிளேனில் ஏறக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சுதனுக்கு லீவு கிடைக்கவில்லை. நடேசன் மட்டும் போனான். பெரியண்ணையின் பெட்டி எரிக்கிற அடுப்புக்குள்ளே போவதை நான் சுதனின் போனில் பார்த்தேன். என்னைத் தோளில் தூக்கித் தேர் காட்டிய மனிதர். அந்தத் திரை ஒரு வெற்றிலை அளவு இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் நின்று நின்று போனது.

அன்று பின்னேரமே நடேசன் அங்கிருந்து போன் எடுத்துச் சட்டம் சொன்னான்.

"எங்கட பக்கம் எல்லாருக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் இல்லை. சாமி விளக்கு இல்லை. தீபாவளி இல்லை. ஹாலோவீன் இல்லை. சுதனுக்குச் சொல்லுங்கோ அக்கா."

துடக்கு என்பதை இந்திய வாசகர்கள் தீட்டு என்பார்கள். சாவு நடந்த குடும்பம் கோயில் குளம், நல்லது பொல்லாதது எல்லாவற்றிலுமிருந்து விலகி இருக்கிற காலம். அதை நான் குறை சொல்லவில்லை. என் வயதில் என்னைவிட ஒழுங்காகத் துடக்குக் காத்தவர்கள் குறைவு. ஆனால் தீபாவளிக்குப் பக்கத்தில் ஹாலோவீனையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னானே, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. எந்த ஐயர் சொன்னார்? எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது?

"அப்ப எனக்கு?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு என்ன அக்கா? கலியாணம் கட்டிக் குடுத்தவைக்கு மூண்டு நாள். நீங்கள் வேற பக்கம் எல்லே."

வேற பக்கம்.

வாசிக்கிறவர்களே, நீங்களே சொல்லுங்கள். கூடப்பிறந்தவன் செத்ததற்கு எனக்கு மூன்று நாள். அவரை ஒருமுறைகூட நேரில் காணாத ஆதிரைக்கு முப்பத்தொரு நாள். என் புருசனின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் நோர்வேயில் செத்தபோது, முகமே தெரியாத அந்த மனிதருக்காக நான் முழுத் துடக்கும் காத்தேன், ஏனென்றால் அதுதான் என் பக்கமாம். மடிப்புக் கலையாத கூறைச்சீலை ஒன்று என்னைப் பிறந்த வீட்டிலிருந்து இவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது.

சுதனும் சொன்னான்

நடேசன் சொன்னதைப் பொறுத்துக்கொள்ளலாம். சுதன் சொன்னதைத்தான் பொறுக்க ஏலவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில், "ஆதி போகட்டும் ராசா, பிள்ளை வாக்குக் குடுத்திட்டுது," என்றேன்.

அவன் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தான். "மாமி, சித்தப்பா சொல்லுறபடி செய்வம். இது எங்கட பக்கத்து விஷயம். நீங்கள் இதுக்குள்ள வராதேங்கோ."

நல்ல பிள்ளைதான். குரலை உயர்த்தவில்லை. மெல்லமாகத்தான் சொன்னான். மெல்லமாகச் சொன்னபடியால் அது ஆழமாகப் போனது.

குரோய்டனில் அகதி விண்ணப்பம் எடுக்கிற அந்த உயரமான அரசாங்கக் கட்டடத்தின் வாசலில், விடியற்காலைக் குளிரில், இவனை என் சுவெட்டருக்குள் இழுத்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவள் நான். உள்ளே இருந்த உத்தியோகத்தர், மொழிபெயர்க்க வந்த பெண்ணிடம், "இந்தப் பிள்ளைக்கு இவர் யார்?" என்று கேட்கச் சொன்னார்.

"எல்லாம் நான்தான்," என்றேன்.

அந்தப் பெண் அதை ஆங்கிலத்தில் ஒரு சொல்லாகச் சொன்னாள். என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார். அந்த நாளில் ஒருவரும் என்னிடம் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.

மேசையை விட்டு நான் எழும்பினேன். ஆதிரை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் சோற்றில் விழுந்தது. அவள் அழுதால் சத்தம் வராது. அதனால்தான் மற்றவர்கள் கவனிப்பதில்லை.

அன்று இரவும் நான் தையலை நிறுத்தவில்லை. மிச்ச முள்ளுகளைத் தைத்தேன். ரஜி தேநீர் கொண்டுவந்து வைத்து, "மாமி, இனி ஏன்?" என்று கேட்டாள்.

"ஊசியில நூல் மிச்சம் கிடக்கு," என்றேன்.

நடுத்துண்டுக்குள் நான்

இனித் திரும்பி நடேசனின் குடைக்கு வருகிறேன்.

அவன் வந்தது எட்டுச்செலவுக்கு. எரித்து எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அதில் ஒரு பங்கைத் தெருச் சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். எட்டாம் நாள் நேராக ஹாலோவீனில் வந்து விழுந்தது. நான் விடியவே எழும்பி மீன் பொரித்து, கணவாய்க் கறி வைத்து, முட்டை அவித்து வைத்திருந்தேன். வேற பக்கத்து ஆள்தான் சமைத்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"அக்கா, உதை எடுத்து மேல வையுங்கோ. பாக்கிற ஆக்கள் என்ன சொல்லுவினம்?" என்றான்.

"பாக்கிற ஆக்கள் வடிவாத் தைச்சிருக்கெண்டு சொல்லுவினம்."

"துடக்கு வீட்டில நல்ல நாள் கொண்டாடுறேல்லை."

"நல்ல நாளோ? பேய்க்கெண்டு ஒரு நாள். உதில எங்க நல்லது இருக்கு?"

"அதைத்தான் நானும் சொல்லுறன்! செத்த வீட்டிலயிருந்து பேய் வேஷம் போட்டுக்கொண்டு போறதோ?"

"பேயில்லை. டிராகன்."

ரஜி அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். அவள் தோள் குலுங்கியதை நான் கண்டேன்.

நான் விடவில்லை. "டேய் நடேசு, செத்த வீட்டில அடுப்பு மூட்டாமல் இருக்கேக்க, அயலட்டை சாப்பாடு குடுக்கிறதுதானே முறை? பிள்ளை நாலு வீட்டுக்குப் போகுது, அயலட்டை ஒரு இனிப்புக் குடுக்குது. உதில என்ன பிழை?"

"அயலட்டை தாங்களாக் கொண்டுவந்து தாறது முறை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கேக்கிறதில்லை."

அது சரியான பதில்தான். சுதன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். ஆதிரை மாடிப்படியின் கீழ்ப்படியில், பள்ளிக்கூட உடுப்பும் கழற்றாமல் இருந்தாள்.

அப்போது கதவு தட்டுப்பட்டது. நசீமா தலையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். மட்டைப்பெட்டித் தலைக்குள் சிவப்பு லைட் இரண்டு மினுங்குகின்றன. பின்னால் ஜோஷ் வாலை இடுப்பில் கட்டி, மழையில் நனையாமல் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"மாமி, இஸ் ஆதி ரெடி?"

எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ தெரியாது. சோபாவிலிருந்து நடுத்துண்டை எடுத்தேன். தலைக்கு மேலால் போட்டேன். பச்சைத் துணிக்குள் எல்லாம் இருட்டு. கஞ்சிப் பசை மணம். ஒரு செட்டை கதவு நிலையில் இடித்தது.

"அக்கா, என்ன செய்யிறியள்?"

"இந்த வீடு ஒரு வாக்குக் குடுத்தது. வீட்டில துடக்கில்லாத ஆள் நான் ஒருத்திதானே? நீதான் சொன்னாய். வேற பக்கம். அப்ப நான் போறன் நடுவில."

"விசர்க் கதை கதையாதேங்கோ. கால் ஏலாத ஆள்!"

"தடி இருக்கு."

நான் சும்மா வெருட்டினேன் என்று நினைக்க வேண்டாம். தடியை ஊன்றி, சீலைக் கொய்யகத்தைத் தூக்கிச் செருகி, வாசற்படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். மழைத்தூறல் பாதத்தில் பட்டது. நசீமா தலையைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தாள்.

"மாமி, ஆர் யூ த மிடில்?"

"ஓம் பிள்ளை. மிடில். கொளுக்கியைப் பூட்டு."

அந்தப் பிள்ளை ஒரு கேள்வியும் கேட்காமல் பூட்டியது. ஜோஷும் வாலைக் கொளுவினான். மற்றக் காலையும் படியில் வைத்தேன். எதிர் வீட்டு வாசலில் நின்ற ஜோஷின் தாய் கையை ஆட்டினாள்.

அதைக் கண்டதும் நடேசனுக்கு எல்லாம் போய்விட்டது. "ஐயோ, ஆக்கள் பாக்கினம்! சுதன், உன்ர மாமியைப் பிடிச்சு உள்ள கொண்டுவா! எங்கட அக்கா றோட்டில பச்சைச் சீலைக்குள்ள குனிஞ்சுகொண்டு போறதை நான் பாத்துக்கொண்டு நிக்கேலாது. பிள்ளையை விடு. பிள்ளை போகட்டும்!"

பிள்ளையின் கண்ணீருக்கு இளகாதவன், முறை சொல்லிக் கேட்டதற்கு இளகாதவன், அயலட்டை பார்க்கிறது என்றதும் இளகிவிட்டான். வென்றுவிட்டேன் என்று சந்தோசப்பட எனக்கு முடியவில்லை. வெல்ல வேண்டிய விதம் அதுவா?

சுதன் வந்து துணியை என் தலைக்கு மேலால் தூக்கி எடுத்தான். என் தலைமயிர் முள்ளில் சிக்கியது. அவன் அதை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். திரும்பிப் பார்த்தால் ஆதிரை பள்ளிக்கூட உடுப்போடேயே துணிக்குள் புகுந்துவிட்டாள். டிராகன் ஒருமுறை உடம்பை நெளித்தது. தெருவில் இறங்கிப் போனது. ஒரு இடத்திலும் பிரியவில்லை.

சந்தியில்

உள்ளே படையல் நடந்தது. என்னை விளக்குக்குக் கிட்டக் கூப்பிடவில்லை. உரித்துக்காரர்தான் படைக்க வேண்டுமாம். சரி என்று நான் வாசலில் கதிரையைப் போட்டு, இனிப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். துடக்கு வீட்டிலிருந்து கொடுக்கக் கூடாது, ஆனால் என் கை துடக்கில்லாத கை. வருகிற எலும்புக்கூட்டுக்கும் சூனியக்காரிக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் நடேசனும் சுதனும் வெளியே வந்தார்கள். நடேசன் வேட்டி, வெறும் மேலில் சால்வை, நெற்றி முழுக்கத் திருநீறு. சுதன் கையில் வாழையிலை போட்ட தட்டம். சோறு, மீன், கணவாய், முட்டை, பெரியண்ணைக்குப் பிடித்த ஜெர்மன் பியர் ஒரு தகரம், ஒரு சுருட்டு. பக்கத்தில் கற்பூரம் எரிந்தது.

தெருச் சந்தியில் ஒரே பிள்ளைகளும் தாய் தகப்பன்மாரும். இவர்கள் இருவரும் நடுவால் போக, கூட்டம் விலகி வழி விட்டது. யாரோ ஒருவர், "பிரில்லியண்ட்!" என்றார். நாலைந்து பேர் கை தட்டினார்கள். ஒரு பெண் போட்டோவும் எடுத்தாள்.

நடேசன் படையலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டியவன். நெருப்பு மாதிரி முகத்தோடு நேரே என்னிடம் வந்து நின்றான்.

"பாத்தியளோ அக்கா? கை தட்டுறாங்கள்! எங்கட அண்ணைக்கு வைக்கிற படையலுக்குக் கை தட்டுறாங்கள்!"

"கண்டனான்," என்றேன். "அறிவு கெட்டதுகள்."

அந்த ஒரு இடத்தில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம்.

அப்போதுதான் டிராகன் வந்தது. தலை முன்னால், வால் பின்னால். நடுத்துண்டு எங்கள் வாசலில் நின்று துணியைத் தூக்கியது. ஆதிரையின் முகம் வியர்த்து, மயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. நான் அந்தப் பிள்ளையை அவ்வளவு சத்தமாகச் சிரிக்க அதுவரை கேட்டதில்லை. வாளியை நீட்டி நடேசனை ஒரு இனிப்பு எடுக்கச் சொன்னாள். அவன் வேண்டாம் என்றான். அவள் வாளியைப் பின்னுக்கு இழுக்கவில்லை. பிறகு ஒன்றை எடுத்தான்.

தீபாவளிக்கு முந்தின நாள்

கதை அதோடு முடியவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் நடேசன் போன் எடுத்தான். குரலில் தேன்.

"அக்கா, நாளைக்குக் கோயிலுக்குப் போகேலும் எண்டால் ஒருக்கா வெஸ்ட் ஈலிங் வரைக்கும் போங்கோ. சுதன் கொண்டுபோய் வெளியில விடுவான். அண்ணையை நினைச்சு ஒரு நெய்விளக்குக் கொளுத்திப்போட்டு, எப்பன் திருநீறும் வாங்கி வையுங்கோ. எங்களுக்குப் போக ஏலாதெல்லே? துடக்கில்லாத ஆள் நீங்கள் ஒராள்தான்."

சுதன் எதிரே நின்றான். ரஜி கோப்பை கழுவுவதை நிறுத்தினாள்.

"நான் போகேலாது," என்றேன்.

"ஏன், கால் நோகுதோ?"

"கால் நல்லாத்தான் இருக்கு. எனக்குத் துடக்கு."

"என்ன அக்கா சொல்லுறியள்? உங்கட பக்கத்தில ஆர் செத்தது?"

பெரியண்ணை போனதிலிருந்து நான் கோயில் வாசலை மிதிக்கவில்லை. என் அறையில் சாமி விளக்கு ஏற்றவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, கேட்கவும் இல்லை. பிள்ளைக்காக அவர்களுடைய சட்டத்தை எடுத்து நான் பாவித்தேன். அது பிள்ளைக்கு. எனக்கு அந்தச் சட்டம் வேண்டாம். முப்பத்தொரு நாளும் காப்பது என்று அந்த வெற்றிலை அளவுத் திரை இருண்ட அன்றே முடிவெடுத்துவிட்டேன்.

"என்ர அண்ணை," என்றேன்.

நடேசன் வைத்துவிட்டானோ என்று போனைக் காதில் அழுத்திக் கேட்டேன். மூச்சுக் கேட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அவனும் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.